வணிகத் திறன் போட்டி: எப்பிரிவைத் தேர்வது?

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கடந்து வந்த வழியைப் போற்றிப் பேசுவர். அது முறையே. ஆயினும் எங்களுக்கு அளிக்கப்பெற்ற பொருள் சிறியது, நடைமுறை சார்ந்தது. கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் வணிகத் திறன் போட்டிகளில் நம் மாணவர் எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது என்பதே அது. படிவத்தில் ஒரு கட்டத்தில் ஒரு குறியிடுவதற்கு ஓர் உரை வேண்டுமா எனச் சிலர் எண்ணலாம். அக்குறி எங்கே விழுகிறது என்பதைச் சில ஆண்டுகளாக நாங்கள் கவனித்து வந்தோம். கவனித்தபின் வாளாவிருக்க எங்களால் இயலவில்லை.

இத்தகைய போட்டிகளில் பொதுவாக என்னென்ன பிரிவுகள் உள்ளன என்பதை நீங்கள் அறிவீர்கள். வணிக வினாடி வினா, கணக்கியல் தேர்வு ஆகியவை ஒருபுறம். பொருள் விற்பனை, விளம்பரம் அமைத்தல், தொழில் திட்டம் உரைத்தல், சிறந்த மேலாளர் ஆகியவை மறுபுறம். நம் மாணவர் கை முதற்புறத்துப் பிரிவுகளையே நாடிச் செல்கிறது. ஏன் என வினவினால், "பேச்சு எங்களுக்கு வராது ஐயா" என்பர். ஆனால் அதே பிள்ளைகள் கழக விடுதியின் திண்ணையில் இரவு பத்து மணி வரை பேசுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆதலால் அவ்விடையை நாங்கள் நம்பவில்லை. ஒரு நாள் ஒரு மாணவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "தேர்வுத் தாளில் எண் மட்டும் இருக்கும் ஐயா. முகம் இருக்காது."

அதற்கு உடனே மறுமொழி கூற எங்களால் இயலவில்லை. அவர் கூறியதில் நம் சமூகத்தின் அனுபவம் முழுவதும் அடங்கியிருந்தது. நம்முள் மூத்தோர் பலர்க்கு அரசு அலுவலகத்தின் கதவைத் திறந்தது தட்டச்சுப் பொறியே. ஆங்கிலத் தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்பது கணக்கு. வேகமும் பிழையின்மையும் இருந்தால் தேர்ச்சி. விரல்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவை எனப் பொறி கேட்பதில்லை. முகம் காட்டாத தேர்வு நமக்கு நீதி வழங்கியது. அதை எக்காலத்தும் இழிவாகக் கருதோம்.

அம்மாணவரின் அச்சம் ஆதாரமற்றது என்றும் கூறோம். அண்ணல் அம்பேத்கர் வாழ்வே அதற்குச் சான்று. அவர் சட்டம் கற்றவர் என்பதை அனைவரும் அறிவர். வணிகத்தோடு அவருக்கிருந்த தொடர்பைப் பலர் அறியார். 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அவர், 1915-இல் முதுகலைப் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் பண்டைய இந்திய வணிகம். தாயகம் திரும்பியபின், பங்குகளிலும் முதலீட்டிலும் ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைப் பம்பாயில் தொடங்கினார். அவர் கூறிய ஆலோசனையில் குறை கண்டு வாடிக்கையாளர் விலகவில்லை. கூறியவர் தீண்டப்படாத வகுப்பினர் எனத் தெரிந்தபோது விலகினர். தொழில் நின்றுபோயிற்று.

அதன்பின் அவர் என்ன செய்தார்? முகம் காட்ட வேண்டாத ஒரு மூலையைத் தேடிச் சென்றாரா? இல்லை. 1918-இல் பம்பாய் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளியல் பேராசிரியராகச் சேர்ந்து, வகுப்பு நிறைந்த மாணவர் முன் நின்று பேசினார். உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலர் தங்கள் குடிநீர்ப் பானையை அவர் பயன்படுத்துவதை எதிர்த்தனர். அதையும் தாங்கி 1920 வரை அங்கே கற்பித்தார். பின்னர் இலண்டன் சென்று, ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். எழுத்துத் தேர்வில் எவர்க்கும் பின்வாங்காத அவர், எழுத்தோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அவர் பயின்ற அதே கொலம்பியாவிலிருந்துதான் மாணவர் வணிக இயக்கம் ஒன்றும் கிளைத்தது. அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஹாம்டன் ஃபோர்க்னர் என்பார், பள்ளிதோறும் இருந்த வணிக மன்றங்களை ஒன்றிணைக்க வேண்டும் என்னும் கருத்தை 1937-இல் முன்வைத்தார். 1942-இல் டென்னசி மாநிலத்து ஜான்சன் சிட்டியில் முதற்கிளை தோன்றியது. எதிர்கால வணிகத் தலைவர்கள் என்பது அவ்வமைப்பின் பெயர்ப் பொருள். 1946-இல் டெக்கா என்னும் மற்றோர் அமைப்பும் எழுந்தது. வணிகத் திறன் போட்டி என்பது அங்கே பள்ளிப் படிப்பின் ஓர் அங்கமாகவே வளர்ந்தது. ஆதலின் பிரிவுகளின் இயல்பை அங்கே தெளிவாகக் காணலாம்.

டெக்காவின் போட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வகையில் மாணவர் நூறு வினாக்கள் கொண்ட தேர்வை எழுத வேண்டும், அத்தோடு முடிவதில்லை. ஒரு கடையிலோ விடுதியிலோ எழும் சிக்கலை விளக்கும் தாள் ஒன்று கையில் தரப்படும். படித்துச் சிந்திக்கப் பத்து நிமிடம். பின்னர் நடுவர் முன் அமர்ந்து, அவரையே மேலாளராகவோ வாடிக்கையாளராகவோ கருதிப் பேசப் பத்து நிமிடம். இருவர் சேர்ந்து நிற்கும் பிரிவில் சிந்திக்க முப்பது நிமிடம், பேசப் பதினைந்து நிமிடம். எந்தெந்தத் திறன்களுக்கு மதிப்பெண் என்பது அத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மற்றொரு வகையில் மாதக்கணக்கில் உழைத்துத் தொழில் திட்டம் ஒன்றை எழுதி, அதை நடுவர் முன் விளக்க வேண்டும். அமைப்பில் முதலாண்டு உறுப்பினராக இருப்போர்க்கென்றே எளிய அடிப்படைப் பிரிவுகளும் உள்ளன. அறிந்ததை எழுதிக் காட்டுதல், கொடுத்த நிலைமைக்கு அப்போதே விடை காணுதல், நெடுநாள் உழைத்து ஒன்றை உருவாக்கி விளக்குதல் என மூவகைத் திறன்கள் இங்கே அளக்கப்படுகின்றன. நம் கல்லூரிப் போட்டிகளின் பிரிவுகளும், பெயர் எதுவாயினும், இம்மூன்றுள் ஒன்றில் அடங்கும்.

இனித் தேர்வு செய்யும் முறைக்கு வருவோம்.

முதலாவது, பிரிவின் பெயரைக் கண்டு தேராதீர்கள். மதிப்பெண் பகுப்பைக் கண்டு தேருங்கள். சிறந்த மேலாளர் என்னும் பெயர் அச்சுறுத்துகிறது. பகுப்பைப் பார்த்தால், முதற்சுற்று எழுத்துத் தேர்வாகவே இருக்கலாம். விளம்பரம் என்றவுடன் நடிப்பு என எண்ணுகிறோம். கருத்துக்கும் வாசகத்துக்கும் மிகுதியான மதிப்பெண் இருக்கலாம். விதிகள் தெளிவாக இல்லையெனில் நடத்துவோரிடம் முன்னரே கேளுங்கள். தமிழில் பேசலாமா என்பதையும் கேளுங்கள். கேட்பதில் இழிவில்லை; கேளாமல் ஒதுங்குவதே இழப்பு.

இரண்டாவது, உங்களிடம் உள்ள நாட்களை எண்ணுங்கள். தொழில் திட்டம் பத்து நாளில் உருவாகாது. விலை விசாரிக்க வேண்டும்; வாடகை, மின்கட்டணம், கூலி, வட்டி அனைத்தையும் கணக்கிட வேண்டும். மாலை வேளையில் வேலைக்குச் செல்லும் மாணவர் அதைத் தனியே சுமத்தல் அரிது. அவர் குழுவாகச் சேரட்டும்; அன்றேல் நிலைமைத் தாள் வகையைத் தேரட்டும்.

மூன்றாவது, செலவைக் கருதி எப்பிரிவையும் விலக்காதீர்கள். உடைக்கும் வண்ணத்தாளுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் அஞ்சிப் பெயர் கொடாதவர் உண்டு. அச்செலவு கழகத்தின் பொறுப்பு. இதை இம்மேடையிலேயே உறுதியாகக் கூற ஆட்சிக்குழு எங்களுக்கு இசைவு தந்துள்ளது.

நான்காவது, இதுவே தலையாயது. இரண்டு பிரிவுகளில் நிற்க விதி இடம் தருமாயின், ஒன்று நீங்கள் உறுதியாக அறிந்ததாக இருக்கட்டும். மற்றொன்று நீங்கள் அஞ்சுவதாக இருக்கட்டும். ஒன்றில் மட்டுமே நிற்கலாம் என்றால், முதலாண்டில் அறிந்ததில் நில்லுங்கள். இறுதியாண்டில் அஞ்சியதில் நில்லுங்கள். மூன்றாண்டும் ஒரே பிரிவில் நின்று மூன்று சான்றிதழ் பெறுவதைவிட இது நன்று என்பது எங்கள் துணிபு.

ஏன் இவ்வாறு வற்புறுத்துகிறோம்? வணிகம் என்பது ஏட்டில் மட்டும் நடப்பதன்று. அது முகத்துக்கு முகம் நடப்பது. 2012-இல் மத்திய அரசு வகுத்த கொள்முதல் கொள்கை, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவனவற்றுள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் குறு, சிறு தொழிலகங்களிடமிருந்து வாங்க இலக்கு வைத்தது. 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், பத்து இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழி கண்டது. 2023-இல் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரால் தொடங்கிய தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் அறிவித்தது. இவை யாவும் போராடிப் பெற்ற உரிமையின் பயன்கள். ஆயினும் கடன் கேட்டுச் செல்பவர் வங்கி மேலாளர் எதிரே அமர்ந்து, "இத்தொழிலை இவ்வாறு நடத்துவேன், இம்மாதத்திலிருந்து தவணை கட்டுவேன்" என விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை முதன்முறையாக வங்கியில் சந்திப்பதைவிட, தோற்றாலும் இழப்பில்லாத போட்டி அரங்கில் சந்திப்பது நலமன்றோ?

இங்கே ஒரு நிகழ்ச்சி. நம் கழகத்து மாணவி ஒருவர் இரண்டாண்டுகள் கணக்கியல் தேர்விலேயே நின்றார். அவர் தாய் வாரச் சந்தையில் கருவாடு விற்பவர். விடுமுறை நாட்களில் மகளும் உடன் அமர்வார். மூன்றாம் ஆண்டு விற்பனைப் பிரிவில் பெயர் கொடுக்குமாறு கூறினோம். "விற்பனை பற்றி நான் ஒன்றும் படிக்கவில்லையே" என்றார். தராசு பிடிக்கும் முன் விலை சொல்வதா, பின் சொல்வதா என வினவினோம். தயங்காமல் விடை சொன்னார். விலை கேட்டு விலகிச் செல்பவரை எப்போது அழைப்பது, எப்போது விட்டுவிடுவது, கொசுறு எவர்க்குக் கொடுப்பது என ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு விடை வந்தது. பாடநூலில் வேறு பெயரால் எழுதியிருப்பதை அவர் பத்து வயதிலேயே கற்றிருந்தார். அதைக் கல்வி என எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

போட்டியில் அவர் பரிசு பெறவில்லை. நேரத்தைப் பகுப்பதில் தவறினார். ஆனால் நடுவர் ஒருவர், "இப்படிப் பேச எங்கே பழகினாய், அம்மா?" எனக் கேட்டபோது சற்று நின்றாராம். பிறகு, "சந்தையில், என் தாயிடம்" என்றாராம். திரும்பி வந்து அதை எங்களிடம் கூறியபோது அவர் குரலில் இருந்த தெளிவை எந்தக் கோப்பையோடும் நாங்கள் ஒப்பிடோம்.

எல்லா நடுவரும் அப்படி இரார். மற்றோர் இடத்தில், திட்டத்தைப் பற்றி ஒன்றும் கேளாமல், ஊரையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் துருவிக் கேட்ட நடுவரையும் நம் மாணவர் கண்டுள்ளனர். அன்று அம்மாணவர் பேச்சு தடுமாறியது. அத்தடுமாற்றத்தை அவர் குறையாக நாங்கள் கருதவில்லை. அத்தகைய வினா எழுந்தால், ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு, "இனி என் திட்டத்தின் செலவுக் கணக்கைச் சொல்கிறேன்" எனப் பொருளுக்குத் திரும்பப் பழகுங்கள். பழகுவிப்பது எங்கள் கடமை. இனி ஒவ்வொரு போட்டிக்கும் கழகத்தின் சார்பில் ஓர் ஆசிரியர் உடன் வருவார். மதிப்பெண் தாளைக் கேட்டுப் பெறுவதும், முறைகேடு கண்டால் எழுத்தில் முறையிடுவதும் அவர் பொறுப்பு.

பெற்றோர்களே! வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளை செல்ல வேண்டும் என்றால், குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால், தயங்குகிறீர்கள். தயக்கம் இயல்பே. ஆனால் நீங்கள் சந்தையிலும் களத்திலும் பட்டறையிலும் கற்ற தொழில் நுட்பத்தை, மேடையேறிச் சொல்லப்போவது அந்தப் பிள்ளைதான். உடன் வர விரும்பினால் வாருங்கள்.

மாணவச் செல்வங்களே! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றியபோது, நம் பிள்ளைகள் தேர்வில் தேற வேண்டும் என்பதே நிறுவியோர் வேட்கை. அவ்வேட்கை வீண்போகவில்லை. எண் மட்டும் எழுதிய தாளில் நீங்கள் வெல்வீர்கள் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அடுத்த படிவம் கைக்கு வரும்போது, முதற்குறியை அறிந்த கட்டத்தில் இடுங்கள். இரண்டாம் குறியை, உங்கள் முகமும் குரலும் தேவைப்படும் கட்டத்தில் இடுங்கள். அங்கே நீங்கள் தனியே நிற்கமாட்டீர்கள். கழகம் உடன் நிற்கும்.