ஃபுளோரைடு வேற, ஃபுளோரோசிஸ் வேற

வீடியோ எபிசோட் போட்டதிலிருந்து ஒரே கேள்வி: "ப்ரோ, பல்லுல என்ன கறை? ஃபுளோரைடா?"

ஃபுளோரைடு எங்க ஊர் தண்ணியில இருக்கு. என் பல்லுல இருக்கிறது ஃபுளோரோசிஸ். எங்க தர்மபுரியிலயே ரெண்டையும் ஒண்ணாக்கி, "அவனுக்கு ஃபுளோரைடு"ன்னுதான் சொல்லுவாங்க.

ஃபுளோரைடு பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது. நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கொதிக்க வச்சாலும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஃபுளோரோசிஸ் என்பது அது உடம்புக்குள்ள செஞ்சுட்டுப் போற வேலை. சுமார் எட்டு வயசு வரைக்கும் நிரந்தரப் பற்களோட எனாமல் ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கும். அப்போ அளவுக்கு மீறி ஃபுளோரைடு போனா, பல் முளைக்கும்போதே வெள்ளைக் கோடு, பழுப்புக் கறை. நான் பல்லு தேய்க்காம இல்லைங்க! பல வருஷம் அதே தண்ணியைக் குடிச்சா எலும்பு, மூட்டு வரைக்கும் போகும்.

நம்ம பாஷையில சொல்றேன். கோடுல ஒரு பக், டேட்டாபேஸ்ல தப்பான ரெக்கார்டு ஏறிடுச்சு. பக்கை ஃபிக்ஸ் பண்ணா புது ரெக்கார்டு நல்லா ஏறும். பழசு தானா மாறாது.

ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோட 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்குச்சு. அதோட ஆங்கிலப் பெயர் 'ஃபுளோரோசிஸ் மிட்டிகேஷன்'னு முடியும். பேர் வச்சவங்க சரியாத்தான் வச்சிருக்காங்க. நிலத்தடி நீர்ல இருக்கிற ஃபுளோரைடை அந்தத் திட்டம் எடுக்கல. அதுக்குப் பதிலா காவிரித் தண்ணியைக் கொண்டு வருது. பாறை அங்கேயேதான் இருக்கு, போர்வெல்லும் இருக்கு. "அதான் காவிரி வந்துடுச்சே, ஃபுளோரைடு போயிடுச்சு"ன்னு நினைச்சுட்டு, குழாய் வராத நாள்ல போர் தண்ணியைக் குடிக்கிறோம் பாருங்க, அங்கதான் சிக்கல்.

2013-ல எனக்குப் பதினாறு வயசு. என் ரெக்கார்டெல்லாம் அதுக்கு முன்னாடியே ஏறிடுச்சு. அக்கா பொண்ணுக்கு இப்போ ஆறு வயசு, முன்பல் விழுந்து புதுசு முளைக்குது. அக்கா ஒகேனக்கல் தண்ணியை அவளுக்குன்னு தனிக் குடத்துல பிடிச்சு வைக்குது. போன வாரம் ஊருக்குப் போனப்போ தாகத்துல அதுல ஒரு டம்ளர் மொண்டுட்டேன். "டேய், உனக்கு எதுக்குடா அது? வை!"ன்னு பிடுங்கிடுச்சு.