மனோவசியம் யாருடைய சக்தி?



மனோவசியம், அதாவது ஹிப்னாடிசம், மெய்யா பொய்யா என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் சீட்டெழுதிக் கொடுத்தார். காரியம் மெய், அதற்குச் சொல்லப்படும் காரணந்தான் பொய் என்பது என் அபிப்பிராயம்.

நான் சிறுவனாயிருந்தபோது பொருட்காட்சிக் கொட்டகையில் ஒரு வித்தைக்காரர் பத்துப் பேரை மேடைக்கு அழைத்தார். சொன்னபடி ஆடாதவர்களை இறக்கிவிட்டு, மீதி மூன்று பேரில் என்னையும் வைத்துக்கொண்டார். வெங்காயத்தைக் கொடுத்து, "இது ஆப்பிள், தின்னு" என்றார். தின்றேன். ஒரே கைதட்டல்! அது வெங்காயந்தான் என்று எனக்கு நன்றாய்த் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னிலையில் "மாட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்தவனோ மெய்யாகவே ருசித்துத் தின்றான். அந்த ருசி வித்தைக்காரரிடமிருந்து வந்ததா, அவன் மனதிலிருந்து வந்ததா?

இதைப் பிரான்சு தேசத்தில் 1784லேயே சோதித்துவிட்டார்கள். மெஸ்மர் என்ற வைத்தியர் பிராணிகளின் காந்தம் என்று ஒன்றிருப்பதாகவும், அதைப் பாய்ச்சி நோய் தீர்ப்பதாகவும் சொல்லி, பாரிஸ் பிரபுக்களையெல்லாம் மயங்கி விழச் செய்துகொண்டிருந்தார். அரசன் ஒரு கமிட்டி போட்டான். பெஞ்சமின் பிராங்கிளின், லவாய்சியர் போன்ற மேதாவிகள் அதிலிருந்தார்கள். மெஸ்மரின் சீடர் டெஸ்லான், பிராங்கிளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றினார். அவரே பொறுக்கியெடுத்த 12 வயதுப் பையனின் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் கொண்டுபோனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மூர்ச்சையாகி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ எட்டத்தில் சும்மா நின்றது! டெஸ்லான் என்ன சமாதானம் சொன்னார் தெரியுமா? எல்லா மரத்திலுமே இயற்கையாய்க் காந்தம் உண்டாம். அப்படியானால் அந்தப் பையன் எந்தத் தோட்டத்துக்குள்ளும் விழாமல் போய்வர முடியாதே என்று கமிட்டியார் மடக்கினார்கள்.

பிறகு கோவாவில் பிறந்த பாரியா என்ற பாதிரியார் 1813ல் அதே பாரிஸில், சக்தி மயக்குகிறவனிடம் இல்லை, மயங்குகிறவனிடமே இருக்கிறது என்று காட்டினார். ஒரு பாதிரியார் சொன்னாரே என்று நாம் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆனால் மனதில் நடப்பதால் அது ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1845ல் வங்காளத்து ஹூக்ளியில் எஸ்டெயில் என்ற டாக்டர், குளோரோபாரம் வருவதற்கு முன்பே, இம்முறையில் மயக்கிப் பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். மயக்கியவர்கள் யார்? யோகியா, ரிஷியா? ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் இந்து, முஸ்லிம் வாலிபர்கள்! இன்றும் நாட்பட்ட வலிக்கும், ஒருவகைக் குடல் கோளாறுக்கும், பல் வைத்தியப் பயத்துக்கும் டாக்டர்கள் இதைத் துணையாக வைத்துக்கொள்கிறார்கள். துணையாகத்தான், ஆப்பரேஷனுக்கு மயக்க மருந்து வந்த பின் இதற்கு அங்கே அதிக வேலையில்லை.

இப்பொழுது வந்திருக்கும் ஆபத்து வேறு. மயக்கத்தில் உட்கார்த்தி முன்ஜன்மத்தைக் காட்டுகிறோம் என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. அந்நிலையில் ஒருவர் கற்பனை செய்வதெல்லாம் ஞாபகம்போலவே தோன்றும். கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அது வரும். பல தேசத்துக் கோர்ட்டுகள் இப்படி வாங்கிய சாட்சியத்தை நம்பத் தயங்குவதும் இதனால்தான். எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் தீராத தலைவலிக்கு இவர்களிடம் போனார். முன்ஜன்மத்தில் ராணியாயிருந்து யாரையோ தலையில் அடித்த பாவம் என்று சொல்லி, பல தடவை பணம் வாங்கினார்கள். கடைசியில் மகன் கண் டாக்டரிடம் அழைத்துப்போனான். கண்ணாடி போட்டதும் தலைவலி நின்றது.

அங்கே போய்வந்த நாலைந்து பேரை நான் விசாரித்தேன். ராஜா, மந்திரி, கோவில் அர்ச்சகர் என்றார்கள். முன்ஜன்மத்தில் மலக்கூடை சுமந்ததாக ஒருவராவது சொல்லவில்லை.