கடன் யாருடையது? காசு யாருடையது?

(தேனி மாவட்டம் சுருளிப்பட்டியில் ஆற்றிய உரை)



சுருளிப்பட்டித் தோட்டங்களில் விளையும் பன்னீர்க் கொடிமுந்திரி மலையேறிக் கேரளத்திற்குச் செல்கிறது. அங்குள்ள ஏலத்தோட்டக் கூலி மலையிறங்கி இங்கு வருகிறது. குமுளிக்கு அப்பால் மொழி வேறு, ஆட்சியும் வேறு. கைமாறும் பணத்தாள் மட்டும் ஒன்றே. எல்லையில் பணம் மாற்றித் தரும் தரகனுக்கு உழவன் ஒரு காசும் கொடுக்க வேண்டுவதில்லை. பிறர் பொது நாணயம் எனக் கூறும் இதனைப் பொதுக்காசு எனத் தமிழில் வழங்கலாம். பொதுக்காசின் நன்மை நாள்தோறும் கண்முன் நிற்பது. அதன் சுமையோ கடன் முற்றும் நாளில்தான் வெளிப்படுவது. அச்சுமையின் தன்மையை அறிய இலங்கைக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

வெள்ளையர் ஆட்சியில் இலங்கை உருபா, இந்திய உருபாவோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தது. 1949-இல் இயற்றிய சட்டத்தின்படி, 1950 ஆகத்து 28-ஆம் நாள் இலங்கைக்கென நடுவண் வங்கி தோன்றியது. காசின் கடிவாளம் கொழும்பின் கைக்கு வந்தது. உரிமை வந்தது, ஆனால் உரிமைக்கேற்ற பொறுப்பு வந்ததா?

தன் காசில் பட்ட கடனை ஓர் அரசு தாள் அச்சிட்டேனும் அடைத்துவிடலாம். பிறர் காசில் பட்ட கடனை அவ்வாறு அடைக்க இயலாது. இலங்கை அரசு 2007 முதல் தாலர்ப் பிணைமுறிகளை விற்று விற்றுக் கடன் பெற்றது. 2019 இறுதியில் கூட்டு மதிப்பு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்து, வருவாயைத் தானே இழந்தது. கொரோனா நோய் பரவிச் சுற்றுலா வருவாய் அற்றது. 2021-இல் முன்னேற்பாடு ஏதுமின்றிச் செயற்கை உர இறக்குமதியைத் தடுத்ததால் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்பிரல் 12-ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசே அறிவித்தது. அக்கடன் ஏறத்தாழ 5,100 கோடித் தாலர்! அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு தாலருக்கு ஏறத்தாழ 200 உருபா. மே மாதத்திலோ 360 உருபா. செப்டம்பரில் விலையேற்றம் 70 விழுக்காட்டளவு உயர்ந்தது.

கடன் பட்டவர் மாளிகையில் இருந்தனர். கடன் தீர்த்தவர் எரிநெய் வரிசையில் நின்றனர். 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் விலக்குப் பெற்றன. சுமை உழைப்பாளரின் வருங்கால வைப்புப் பணத்தின்மேல் விழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 14-இல், இராசபக்சே உடன்பிறப்பினர் உள்ளிட்ட ஆட்சியாளரும் அதிகாரிகளும் இந்நெருக்கடிக்குப் பொறுப்பாளர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புரைத்தது. தீர்ப்பு வந்தது, இழந்த சேமிப்பு வந்ததா?

“அப்படியாயின் தனிக்காசைக் கைவிட்டு, வலிய நாட்டின் காசைப் பகிர்ந்து கொள்ளலாமே” என்பார் உளர். 2023 சூலையில் இரணில் விக்கிரமசிங்க தில்லிக்கு வந்தபோது, இருநாட்டு வணிகத்தில் இந்திய உருபாவைப் பயன்படுத்த உடன்பாடும் கண்டனர். வணிகத்திற்கு அது உதவலாம். ஆனால் முழுதும் பகிர்ந்தவர் கதை வேறு. அரபு வளைகுடா நாடுகள் பல முன்னர் இந்திய உருபாவையே வழங்கின. 1966 சூன் 6-இல் இந்தியா தன் உருபாவின் மதிப்பைக் குறைத்தது, தாலருக்கு 4.76 உருபா என்பது 7.50 உருபாவாயிற்று. கத்தார் மக்களின் பெட்டியிலிருந்த பணமும் அன்றே இளைத்தது. அவர்களை யார் கேட்டார்? அந்நாடுகள் உருபாவை விட்டு விலகின.

கிரேக்கமோ விலகவும் இயலாது தவித்தது. 2001-இல் யூரோவில் சேர்ந்த அந்நாடு கடனில் மூழ்கியபின், 2010-இல் 11,000 கோடி யூரோ கடனுதவி பெற்றது. தனிக்காசு இருந்திருப்பின் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்கியிருக்கலாம். அஃது இன்மையால் கூலியும் ஓய்வூதியமும் வெட்டுண்டன. 2013-இல் நூற்றுக்கு 27 பேர் வேலையின்றி இருந்தனர். 2015 சூன் இறுதியில் வங்கிகள் மூடப்பட்டன. ஒருவர் ஒரு நாளில் 60 யூரோவே எடுக்கலாம் என்றாயிற்று. சூலை 5-இல் கடன்காரர் விதித்த கட்டுப்பாடுகளை ஏற்பதில்லையென 61 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சில நாள்களிலேயே அதனினும் கடுமையான கட்டுப்பாடுகளை அவ்வரசு ஏற்றது. வாக்கு ஏதென்சில், காசின் திறவுகோலோ வேறிடத்தில்!

ஆகவே, தனிக்காசு மட்டும் காப்பன்று; பொதுக்காசு மட்டும் காப்பன்று. கடன்படுவோர் மக்களுக்கு விடைசொல்லும் கடப்பாடு உடையவராதலும், காசைப் பகிர்வோர் அதன் ஆட்சியையும் பகிர்தலுமே காப்பு.

இவ்வளவைகொண்டு தமிழ்நாட்டை அளந்து பாருங்கள். நாணயமும் அயல்நாட்டுக் கடனும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. இந்திய அரசிடம் பெற்ற கடனில் ஒரு பகுதி நிலுவையில் இருந்தாலும், அதன் இசைவின்றி மாநிலம் புதுக்கடன் பெறலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு. 1991 சூலையில் தாலர் இருப்பு வற்றியபோது ஏறத்தாழ 47 தன் எடைப் பொன் அயல்நாட்டு வங்கிகளில் அடகு வைக்கப்பட்டது. உருபாவின் மதிப்பு மூன்று நாளில் இருமுறை குறைக்கப்பட்டது. எந்தச் சட்டமன்றத்தை யார் கேட்டார்? 2016 முதல் வட்டியளவை முடிவு செய்யும் குழுவில் அறுவர்: மூவர் இரிசர்வு வங்கியினர், மூவர் ஒன்றிய அரசு அமர்த்துவோர். மாநிலங்கள் அமர்த்துவோர் ஒருவருமிலர். 2017-இல் வந்த சரக்கு சேவை வரிக்குரிய மன்றத்தில் முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒன்றியத்திற்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு. மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுபட்டாலும் தில்லி இசையாமல் அங்கு ஒரு தீர்மானமும் நிறைவேறாது.

மலைக்கு அப்பாலுள்ள கேரளம் இக்கடன் வரம்பை எதிர்த்து 2023 திசம்பரில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2024 ஏப்பிரல் 1-இல் வழக்கு ஐவர் ஆயத்திற்கு அனுப்பப்பட்டது. முல்லைப் பெரியாற்று நீரில் கேரளத்தோடு வழக்குண்டு. ஆயினும் இவ்வழக்கில் இருவர் நலனும் ஒன்றே என்பதை உணர்தல் வேண்டும்.

பெருமக்களே! ஒரே உலையில் பலர் அரிசி இடலாம், அது தவறன்று. ஆனால் அகப்பை ஒருவர் கையில் மட்டும் இருத்தல் முறையன்று. உலை ஒன்றெனில் அகப்பையும் பொதுவாகுக! வட்டியளவை முடிவு செய்யும் அவையில் மாநிலங்களுக்கு இடம் வேண்டும். வெளிநாட்டுக் கடனின் கணக்கு மாநிலச் சட்டமன்றங்களின் முன்னும் வைக்கப்படல் வேண்டும். கொடிமுந்திரி உழவன் உரத்துக்குக் கொடுக்கும் ஒவ்வோர் உருபாவிலும் அக்கடனின் பங்குண்டு. கடனில் பங்குடையவனுக்குக் காசின் ஆட்சியிலும் பங்குண்டு என்று கேளுங்கள், ஊர்தோறும் கேளுங்கள், பெறும்வரை கேளுங்கள்!