ஏரி நீரில் பச்சை படர்ந்தால்...

(திருவண்ணாமலையில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



நெல் வயலுக்கு நீலப்பச்சைப்பாசி இடுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். அது காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல பாசி. ஆனால் கோடையில் நம் ஏரி, குட்டைகளில் பச்சைச் சாயம் ஊற்றியது போல் படர்வது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசியாக இருக்கலாம். இதுவும் அதே இனந்தான். ஆயினும் நஞ்சு உண்டாக்கக் கூடியது. கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும். நீரைக் காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

உலகின் வெப்பம் உயர்ந்து நீர் சூடேறினால் இப்பாசி மேலும் பெருகும். கடலிலும் இத்தகைய பெருக்கம் உண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாயிற்று; மீன்கள் செத்து ஒதுங்கின.

வெப்பத்தை நாம் தனியே தடுக்க இயலாது. பாசிக்கு உணவாகும் உரச்சத்து ஏரிக்குப் போகாமல் தடுக்கலாம். மண் பரிசோதனைப்படி உரமிடுங்கள். மழை வரும் வேளையில் உரம் தூவாதீர்கள். ஏரிக்கரையில் எரு குவிக்காதீர்கள். பச்சை படர்ந்த நீரை மாடுகளுக்குக் காட்டாதீர்கள்.