அட்டையைக் காட்டினால் விஷம் இறங்காது



மருத்துவம் பற்றி மதுரையில் யார் மைக்கைப் பிடித்தாலும் முதல் பேச்சு தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிதான். 2015 பட்ஜெட்டில் எய்ம்ஸ் என்றார்கள். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் வந்து அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் 'இதுதான் எய்ம்ஸ்' என்று ஒற்றைச் செங்கல் ஊர் ஊராகச் சுற்றியது. 2022இல் எய்ம்ஸில் சேர்ந்த பிள்ளைகள், கட்டடம் இல்லாமல், ராமநாதபுரத்தில் போய்ப் படித்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் குறையாமல் உண்டு. ஆனால் அதையே பேசிப் பேசி இன்னொன்றைப் பேசாமல் விட்டுவிட்டோம். எய்ம்ஸ் நாளைக்கே திறந்தாலும், செல்லம்பட்டிப் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு வரப்பில் பாம்பு கடித்தவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

மும்முனைக் கரண்ட் ராத்திரியில் வந்தால் ராத்திரிதான் மோட்டார் போட்டாக வேண்டும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் மண்வெட்டி. சேற்றில் செருப்பு நிற்காது என்பதால் வெறுங்கால். மிதிபட்டால் கண்ணாடி விரியன் சும்மா விடுமா? கட்டுவிரியன் இன்னும் மோசம். வீட்டுக்குள்ளேயே வந்து, தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். வலிகூடத் தெரியாது. விடியும்போது இமையைத் தூக்க முடியாது, அதன்பின் மூச்சு திணறும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஏசி அறையில் கட்டிலில் படுப்பவர்கள் இந்தக் கணக்கில் அதிகம் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணித்தது யார் என்று அந்தப் பட்டியலில் எழுதவில்லை, நான் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் பத்து வகைப் பாம்புக்கு வேலை செய்த நல்ல மருந்து ஒன்று இருந்தது. பிரான்ஸின் சனோஃபி கம்பெனி தயாரித்தது. 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மருந்தில் கோளாறு எதுவும் இல்லை, லாபம் இல்லை, அவ்வளவுதான். கடைசியாகத் தயாரான குப்பிகள் 2016 ஜூனில் காலாவதி ஆகும் என்று எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு தொண்டை கிழியக் கத்தியது. வாங்கக் காசில்லாத நோயாளிக்காக எந்தச் சந்தை மருந்து செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்? வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. கானாவில் ஓர் இந்தியக் கம்பெனியின் மருந்துக்கு மாறிய பிறகு சாவு பல மடங்கு கூடியதாக 2008இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த ஊர்ப் பாம்பு வேறு, அதன் விஷம் வேறு. விலை மலிவு என்று வாங்கியவர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்று நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருளில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்து வருகிறது. அடுத்து, 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு, மாவட்டக் கிடங்கில் இறக்கி, ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைத்திருக்கும். இதைப் பார்த்துத்தான் கேரளாவும் ராஜஸ்தானும் கற்றுக்கொண்டன. பாம்பு கடிப்பதற்கு முன்பே மருந்து வாங்கிக் கிடங்கில் வைத்திருக்கிற ஏற்பாடு இது. லாபமில்லாத மருந்தை உயிரோடு வைத்திருக்க உலகத்தில் இதைவிட நல்ல வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2018இல் டெல்லியின் ஆயுஷ்மான் வந்தது. 5 லட்சம் என்று பெரிய எழுத்தில் போஸ்டர். கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு இந்த அட்டையில் இதய ஆபரேஷன் நடந்திருக்கிறது, அதை மறுப்பவன் மனிதன் இல்லை. ஆனால் காப்பீடு என்பது ஏற்கெனவே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் பில் கட்டும் ஏற்பாடு. ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் அது ஒரு கட்டிலைக்கூடப் போடாது. வீடு எரிந்து அடங்கிய பிறகு தீயணைப்பு வண்டிக்கு டீசல் காசு தருவது போலத்தான். அட்டை செல்லும் பெரிய தனியார் ஆஸ்பத்திரி எதுவும் எழுமலையில் இல்லை, பேரையூரில் இல்லை. எல்லாம் மதுரை நகரத்தைச் சுற்றித்தான். அங்கே போய் நின்றாலும் ரேஷன் கார்டு எங்கே, வருமானச் சான்று எங்கே, "அப்ரூவல் வரணும், உட்காருங்க" என்பார்கள். விஷம் அப்ரூவலுக்கு உட்காருமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து, நோயாளியின் ரத்தம் 2 மில்லி விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் சோதனையே பொய்யாகிவிடும். உடனே தூளாக இருக்கும் மருந்தைக் கரைத்து, எட்டுப் பத்துக் குப்பி சலைனில் ஏற்ற வேண்டும். ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் தயாராக இருக்க வேண்டும். ஸ்கேன் வேண்டாம், லிஃப்ட் வேண்டாம். பழகிய ஒரு நர்ஸும், கூப்பிட்டால் வருகிற ஒரு டாக்டரும் போதும்.

அந்த நர்ஸை அரசு எப்படி வைத்திருக்கிறது? ஒப்பந்தம், தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்த நர்ஸுகள் சென்னையில் தெருவில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பெண், ராத்திரி தனியாக நின்று, ஒவ்வாமை வந்தால் பழி தன் தலையில் விழும் என்று பயந்து, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொன்னால் நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். 108 ஆம்புலன்ஸ் வருகிறது, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு ஓடுகிறது, ஊசி ஏறாமலே ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது.

காசில்லை என்பார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில், 2025க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்குச் செலவிடும் என்று எழுதியவர்கள் அவர்களேதான். 2021-22 அரசுக் கணக்குப்படி செலவானது 1.84 சதவீதம். அதே ஆண்டு மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் மடியிலிருந்து போனது. பாம்புக்கடிச் சாவை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று 2024 மார்ச்சில் டெல்லி திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். அறிவித்த கணக்கை எங்களுக்கும் காட்டட்டும்.

அதனால் அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகும்போது இந்தத் தீர்மானத்தைக் கையில் கொண்டுபோங்கள். எங்கள் சுகாதார நிலையத்தில் இன்றைக்கு எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து இருக்கிறது, காலாவதித் தேதி என்ன, இன்று ராத்திரி டியூட்டி யார் என்று வாசலில் பலகையில் எழுத வேண்டும். காலிப் பணியிடங்களைக் காலமுறை ஊதியத்தில் நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சும் பணத்தில் பிரீமியம் கட்டட்டும். தீர்மானத்தை இப்போது தோழர் வாசிப்பார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களும் சேர்த்து.