சுண்ணாம்பை ஆராய்ந்தவர்



புதுக்கோட்டைக்குப் பக்கத்திலே சித்தன்னவாசல். அங்கே ஒரு சமணக் குடைவரைக் கோயில். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் ஒரு தாமரைக் குளம். மீன் நீந்துது. யானை இறங்குது. பூப் பறிக்கிறவர் கையிலே தாமரைத் தண்டு. ஆயிரம் வருஷத்துக்கும் மேலே ஆன ஓவியம்.

அழகை ரசிச்சு எழுதினவங்க நிறையப் பேர். இதை எப்படி வரைஞ்சாங்கன்னு கேட்டவர் எஸ். பரமசிவன். 1930-களிலே சென்னை அருங்காட்சியகத்திலே வேதியியலாளர். கலையின் வரலாற்றை அவர் ஆய்வுக்கூடத்திலே தேடினார். எனக்கு அது பெரிய காரியமாப் படுது.

அவர் கண்டது என்ன? பாறை மேலே மணல் கலந்த சுண்ணாம்புப் பூச்சு. அதுக்கு மேலே மெல்லிசா, வழவழன்னு இன்னொரு பூச்சு. அதுக்கு மேலே வண்ணம். ரெண்டு பூச்சும் சேர்ந்து ஒரு தோசை கனம்தான்! சிவப்பும் மஞ்சளும் காவி மண். கறுப்பு, கரி. வெள்ளை, அதே சுண்ணாம்பு. இந்த நாலு நிறமும் நம்ம ஊர்ப் பொருள்.

தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும், காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களையும் இப்படியே ஆராய்ந்தார். எதனாலே செஞ்சதுன்னு தெரிஞ்சால்தானே பழுது பார்க்க முடியும்? தெரியாமல் எதையாவது பூசினால், இருக்கிறதும் உரிஞ்சு வந்துடும்.

சித்தன்னவாசல் போனால் உதிர்ந்த ஓரங்களைக் கவனிச்சுப் பாருங்க. ஆனால் தொட்டுடாதீங்க. கை வியர்வைகூட அந்தப் பூச்சுக்கு ஆகாது.