வேலை தேடும் செயலி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

(மேற்கு வங்கம், ஜாதவ்பூரில் மாணவர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

சமூக ஊடகங்களில் சிதறிக் கிடக்கும் வேலை அறிவிப்புகளைத் திரட்டித் தரும் செயலி ஒன்றை உருவாக்க இங்குள்ள மாணவத் தோழர்கள் முன்வந்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஐஎஸ்ஐஜேயூ-1 கணினி 1966இல் செயல்படத் தொடங்கியது. அந்த மரபுள்ள இடத்தில் ஒரு செயலியைக் கட்டுவது பெரிய காரியமல்ல. கட்டிய செயலி யாருக்குப் பதில் சொல்லும் என்பதே நாம் தீர்மானிக்க வேண்டியது.

வேலைவாய்ப்புச் செய்தி இன்று யார் கையில் இருக்கிறது? 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம், பொதுத்துறை நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அறிவிக்கத் தவறிய முதலாளிக்கு முதல் குற்றத்திற்கு 500 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 1,000 ரூபாய் வரை. அரசு இப்படி விட்டுவைத்த வெற்றிடத்தில் தரகர்கள் வந்து அமர்ந்தார்கள். தெற்கு 24 பர்கானாவிலிருந்து உள்ளூர் ரயிலில் வந்திறங்கும் வீட்டுப் பணிப்பெண்களும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களும் இதை நன்கு அறிவார்கள். ஆயா சென்டருக்குக் கமிஷன் போன பிறகுதான் மிச்சம் கைக்கு வரும். இப்போது அதே தரகு ஃபேஸ்புக்குக்கும் டெலிகிராமுக்கும் குடிபெயர்ந்திருக்கிறது.

பதிவு வேறு, உண்மை வேறு. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து, இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர்கள் அஞ்சி ஊர் திரும்பத் தலைப்பட்டார்கள். ஒன்றில் பொய் அவர்களை வேலைக்கு இழுத்தது. மற்றொன்றில் வேலையிலிருந்து விரட்டியது. பதிவுகளை அள்ளி அப்படியே கொட்டும் செயலி, இந்தப் பொய்களை இன்னும் வேகமாக வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும்.

எப்படிச் செய்வது என்பதற்கு நம் அனுபவமே வழிகாட்டுகிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் கிடைக்கும் இடங்களின் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் ஆயிரக்கணக்கில் சுற்றின. பல எண்களை அழைத்தால் பதில் இல்லை. சில இடங்களில் இருப்பு எப்போதோ தீர்ந்திருந்தது. மேற்கு வங்கத்தில் ரெட் வாலண்டியர்ஸ் தோழர்கள் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்து, சிலிண்டரைத் தாங்களே சுமந்து சென்றார்கள். மக்கள் அவர்களை நம்பியதற்குக் காரணம் அந்த உழைப்பு.

எனவே செயலிக்குச் சில விதிகளை முன்மொழிகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு அறிவிப்பையும் ஒரு மனிதர் அழைத்துச் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்த நாளும் நேரமும் அதன் மேலேயே தெரிய வேண்டும். குறித்த நாட்களுக்குள் மறுபடி உறுதி செய்யப்படாதது தானாக நீங்க வேண்டும்.

இரண்டாவது, முதலாளியின் பெயர், பணியிடம், சம்பளம், வேலை நேரம் ஆகிய நான்கும் இல்லாத பதிவுக்கு இடமில்லை. வேலை தேடுபவரிடம் முன்பணம் கேட்கும் எதுவும் கூடாது. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பொது விதி.

மூன்றாவது, பதிவுகளை இயந்திரம் கொண்டு வாரி எடுக்க முயல வேண்டாம். ஃபேஸ்புக்கின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை; வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வெளியிலிருந்து நுழையவும் முடியாது. தோழர்களும் தொழிலாளர்களும் தாங்கள் காணும் அறிவிப்பை ஓர் எண்ணுக்கு அனுப்பட்டும். வங்காளத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தாலும் செயலிக்குப் புரிய வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் சொல்ல வேண்டும்.

நான்காவது, வேலை தேடுபவரின் தகவலை விற்கக் கூடாது. ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தகவலை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. "எனக்கு வேலை வேண்டும்" என்று எண்ணோடு எழுதியவரின் வறுமை அங்கே சரக்காகிவிடுகிறது. சட்டம் காக்காத இடத்தில் நம் கட்டுப்பாடு காக்க வேண்டும்.

தோழர்களே, எந்தச் செயலியும் ஒரு புதிய வேலையைக்கூட உருவாக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு அட்டை கிடைத்தது. வேலை உத்தரவாதம் கிடைக்கவில்லை. இதே மாநிலத்தில் பள்ளிப் பணி நியமன ஊழலின் விளைவாக 25,753 நியமனங்களை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. நேர்மையாகத் தேர்வெழுதி வந்தவர்களும் தெருவில் நின்றார்கள். இந்தக் காயத்தை எந்தக் கைபேசியும் ஆற்றாது.

ஆயினும் இந்தக் கருவியால் இன்னொரு பயன் உண்டு. சரிபார்த்த ஒவ்வொரு அறிவிப்பிலும் சம்பளமும் வேலை நேரமும் பதிவாகும். ஓராண்டு சேர்த்தால், எந்தத் தொழிலில் குறைந்தபட்சக் கூலி மீறப்படுகிறது, எங்கே பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கப்படுகிறது என்பதற்கான ஆவணம் நம் கையில் இருக்கும். தொழிற்சங்கம் அதைத் தொழிலாளர் துறையின் மேசையில் வைக்க முடியும். கேட்கவில்லையென்றால் தெருவில் வைக்க முடியும்.

ஆகவே, நிரல் எழுதும் மாணவர்களோடு வீட்டுப் பணியாளர் சங்கமும், ஆயாக்களும், உணவு விநியோகத் தொழிலாளர்களும் ஒரே குழுவில் அமர வேண்டும். எதை வெளியிடுவது, எதை நீக்குவது என்ற முடிவு அக்குழுவுடையதாக இருக்கட்டும். முதலில் ஜாதவ்பூரில் மட்டும், மூன்றே தொழில்களுக்குத் தொடங்குங்கள். அழைத்துச் சரிபார்க்க ஆள் இருக்கும் அளவுக்கு மட்டுமே விரிவுபடுத்துங்கள். கூடவே, காலியாகக் கிடக்கும் அரசுப் பணியிடங்களை நிரப்பு, வேலை பெறும் உரிமையைச் சட்டமாக்கு என்ற முழக்கங்களோடு களத்திலும் நில்லுங்கள்.